கேமரா வாங்கியாச்சு, அப்புறம்?

பெங்களூரில் பொட்டி தட்டும் நம்மூர் மக்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் மூன்று சாமான் அநேகமாக இருக்கும். ஒரு கிடார், ஒரு ஜோடி ஓட்டப் பயிற்சி ஷூ, ஒரு கேமரா பை. மூன்றிலும் தூசு :-)

கிடாரைப் பற்றியும் ஓட்டத்தைப் பற்றியும் பேசும் தகுதி எனக்கில்லை. கேமராவைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். "என்ன கேமரா வாங்கலாம்?" என்று கேட்காத நண்பர் இல்லை. "வாங்கிட்டேன், இப்ப எதைப் படம் எடுக்கிறது?" என்று கேட்டவர் ஒருத்தர்கூட இல்லை. பை தூசு படிவது அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். 2003-ல் வந்த கேனான் 300டி வெறும் 6 மெகாபிக்ஸல். அதாவது 3072க்கு 2048 புள்ளிகள். அதிலிருந்து 12க்கு 8 இஞ்ச் பிரிண்ட் போட்டால் இஞ்சுக்கு 256 புள்ளி வரும், கண்ணுக்குக் குறையே தெரியாது. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் அதைவிட அதிகம் எடுக்கும். ஆகவே மெகாபிக்ஸல் கணக்கை விட்டுவிடுங்கள். மூன்று மாதம் போனிலேயே எடுங்கள். அதற்குப் பிறகும் கை அரித்தால் கேமரா.

கம்பெனிகள் பெரும்பாலும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கும்முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வாங்க வேண்டாம். அப்பர்ச்சரை எஃப்/16-ல் வைத்து வானத்தை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்ஸாரில் தூசு. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

லென்ஸ் ஒன்றே ஒன்று போதும்: 50 எம்எம் எஃப்/1.8. கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ் 55 எம்எம் பக்கம் போனால் எஃப்/5.6தான் திறக்கும். இது அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். நம் ஊர் வீடுகளின் இருட்டுக் கூடத்தில் ஃபிளாஷ் இல்லாமல் முகத்தை எடுக்க இதுதான் ஆள். ஜூம் கிடையாது. கால்தான் ஜூம்.

இன்னொன்று, பூஞ்சை. பெங்களூர் மழைக்காலத்தில் பூட்டிய அலமாரி அதற்கு விருந்து மண்டபம். காற்றுப் புகாத சமையலறை டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு கேமராவை வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள். இதைவிட நல்ல வைத்தியம், வாரம் ஒருமுறை கேமராவை வெளியே எடுத்துப் போவது.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்கே போவது?

காட்டுயிர்ப் படங்களில் உலக அளவில் பெயர் வாங்கிய டி.என்.ஏ. பெருமாள் (1932-2017) இந்த பெங்களூரில் வாழ்ந்தவர்தான். ஓ.சி. எட்வர்ட்ஸ் என்பவரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார், பிறகு அடுத்த தலைமுறைக்குத் தானே சொல்லிக்கொடுத்தார். அவர் ஆரம்பித்த காலத்தில் ஆட்டோ ஃபோகஸ் இல்லை. ஒரு ரோலில் 36 படம், பெரிய ஃபிலிம் என்றால் 12. எடுத்தது விழுந்ததா இல்லையா என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தலைமுறையிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம்: காத்திருப்பது, எடுத்ததை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது.

இதை நம் அளவுக்கு இப்படிச் செய்யலாம். ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னுடையது லால்பாக். 240 ஏக்கர், 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, ஏறி நின்றால் ஊர் தெரியும் பாறை. சனிக்கிழமை ஏழு மணிக்குள் போய்விடுவேன். முதல் மாதம் எல்லோரும் எடுக்கும் படத்தைத்தான் எடுப்பீர்கள். மூன்றாம் மாதம் அலுக்கும். ஆறாம் மாதம் எந்த மரத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று தெரிந்துவிடும். நல்ல படம் அதற்கப்புறம்தான் வரும். ஒரு நாளைக்கு 36 படத்துக்கு மேல் எடுக்காதீர்கள், எடுத்ததை அங்கேயே திருப்பிப் பார்க்காதீர்கள். காட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி 1971-லிருந்து இங்கே இருக்கிறது.

மாதம் ஒரு படத்தைப் பிரிண்ட் போடுங்கள். நான் அதைத் தபாலில் ஊருக்கு, அம்மாவுக்கு அனுப்புகிறேன். பிள்ளை எந்த மரத்தடியில் நடக்கிறான், எந்தக் கடையில் பூ வாங்குகிறான் என்று அம்மாவுக்கு இப்போது தெரியும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியும் :-) மாதக் கடைசியில் "இந்த மாசம் படம் வரலையேப்பா" என்று போன் வந்தால், எந்தச் சோம்பேறியும் எழுந்து போவான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பெரியப்பா தவறினார். பதினாறாம் நாளுக்குப் படம் பெரிசு பண்ண வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்போது ஐந்து கேமரா. மூணாறு மேகம், கோவா சூரியன், கொக்கு, குருவி எல்லாம் இருந்தது. பெரியப்பா இருந்தது ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளிக்காரர் தோளுக்குப் பின்னால் பாதி முகம். கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்ததை ஸ்டுடியோவில் கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு, நீலப் பின்னணி வைத்து வாங்கி வந்தோம். மாலை போட்டு மாட்டியதும் பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரோ மாதிரி இருக்குய்யா" என்றார்.

பெரியம்மா இப்போதும் தினமும் அந்த யாரோ ஒருவருக்குத்தான் விளக்கேற்றுகிறார்.

அதனால் மக்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த 50 எம்எம்மை எடுத்துப் போங்கள். காலை ஒன்பது மணிவாக்கில் ஜன்னலோரமோ திண்ணையோ போதும். ஃபிளாஷை அணையுங்கள். "சிரிங்க" என்று சொல்லாதீர்கள், நம் பெரியவர்கள் உடனே பாஸ்போர்ட் போட்டோ முகத்துக்குப் போய்விடுவார்கள். அப்பா பேப்பர் படிக்கட்டும், ஆச்சி முருங்கைக்கீரை உருவட்டும். நீங்கள் பழைய கதை எதையாவது கிளப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து எடுங்கள். கைகளையும் தனியாக எடுங்கள். கிளம்பும் முன்பே பக்கத்து டவுனில் இரண்டு பிரிண்ட் போட்டு, பின்னால் பெயர், ஊர், வருஷம் பென்சிலால் எழுதி, ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

நல்லாயிருக்கா, இல்லையா என்று அவர்களே சொல்லட்டும்.