கஞ்சில் தேடிய கதை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்பு மஸ்ஜித் இந்தியாவுக்கு வந்து பாருங்கள். கடைகளின் இரும்புக் கதவுகள் பாதிதான் ஏறியிருக்கும். ஐந்தடியில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். மல்லிகைச் சரத்தைப் பிரித்துத் தொங்கவிடும் நேரம் அது. பின்சந்துகளில் சரக்கு இறக்க வந்த பழைய வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒரு கஞ்சிலாவது இருக்கும். பின் இருக்கையை மடக்கிவிட்டுக் கூரை வரைக்கும் துணி மூட்டையை அடைத்திருப்பார்கள். அந்தப் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு இரண்டும் வானத்தைப் பார்த்தபடி நிற்கும்.

நான் அதன் எதிரில் குந்தி உட்கார்ந்திருப்பேன், கையில் கேமராவோடு.

“அண்ணே, காடி வாங்கப் போறீங்களா?” என்று ஒரு நாள் பூக்கடைத் தம்பி கேட்டான்.

“இல்லப்பா, படம் எடுக்கிறேன்.”

“இதையா?”

அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்தத் தெருவில் சேலைக் கடையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். தெருவில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இன்னும் என்னிடம் இல்லை. என் பொழுதுபோக்கு இதுதான்: கஞ்சில் என்று பெயருள்ள எதைக் கண்டாலும் படம் எடுப்பது. கார் மட்டும் இல்லை, எதுவானாலும்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1994 ஆகஸ்டில் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட முதல் கார் கஞ்சில். ஜப்பானின் டைஹாட்சு மீராவை அடிப்படையாக வைத்துச் செய்தது. 660 சி.சி., மூன்று சிலிண்டர். பிறகு 850 வந்தது. அதுவரை மோட்டார் சைக்கிளில் மனைவியைப் பின்னால், பிள்ளையை முன்னால் உட்காரவைத்து மழையில் நனைந்துகொண்டு போன எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலாகக் கூரைக்கடியில் உட்கார்ந்து போனது இந்த வண்டியில்தான். 2009 வரை வந்தது. மொத்தம் ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. முதலில் வந்தவற்றுக்குச் சதுர விளக்கு, கடைசியாக வந்தவற்றுக்கு வளைவான விளக்கு. என்னைப் போன்ற பைத்தியங்கள் தூரத்தில் வரும்போதே வித்தியாசம் சொல்லிவிடுவோம்.

எங்கள் அப்பா வாங்கியது சதுர விளக்கு வைத்த வெள்ளை 660. வருடம் 1996. பெரோடுவா தொழிற்சாலை ரவாங் பக்கம் சுங்கை சோவில் இருக்கிறது. அப்பா பிறந்த தோட்டமும் அந்த வட்டாரம்தான். கார் வந்த அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு அப்பா சொன்னது இது: “சின்னப் பிள்ளையில கஞ்சிலை நான் தூக்கிட்டு வந்தேன். இப்ப கஞ்சில் என்னைத் தூக்கிட்டுப் போவுது.”

எனக்கு அப்போது புரியவில்லை. செந்தூலில் வளர்ந்த எனக்குக் கஞ்சில் என்றால் கார்தான். பிறகு அம்மா விளக்கினார். தோட்டத்தில் பால்மரக் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே அப்பாவும் அவர் கூட்டாளிகளும் கண்ணி வைப்பார்களாம். கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன மான்தான். லயத்தில் அன்றைக்குக் கறிக்குழம்பு. கஞ்சிலுக்குத் தமிழில் சருகுமான் என்று பெயர் இருப்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தமிழ்நாட்டு மலைக்காடுகளில் இருக்கும் சருகுமானுக்கு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் உண்டு. நம் ஊரில் இருப்பதற்கு முதுகு வெறும் பழுப்பு, கழுத்தடியில் மட்டும் வெள்ளைக் கோடு.

2012இல் அப்பா போய்விட்டார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. என்னிடம் வேறு வண்டி இருந்தது. சாலை வரி, காப்புறுதி என்று சும்மா நிற்கும் காருக்கு ஏன் பணம் கட்டுவானேன் என்று மூன்று மாதத்திலேயே ஒரு தரகரிடம் 3,800 வெள்ளிக்குத் தள்ளிவிட்டேன். அம்மாவைக் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வாசலை விட்டுப் போனபோது சமையலறையில்தான் இருந்தார். அதன் பிறகு, வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, சம்பந்தமே இல்லாத நேரத்தில் கேட்பார்: “அந்தக் காடி இப்ப எங்க ஓடுதோ?”

வீட்டு ஆல்பத்தைத் தேடிப் பார்த்தேன். அப்பாவும் காரும் சேர்ந்து ஒரு படம் கூட இல்லை. அக்கா நிச்சயதார்த்தத்தில் எடுத்த ஒன்றில் ஓரமாக முன்பக்கம் கொஞ்சம் தெரிகிறது. அதன் மேல் சாய்ந்திருக்கும் ஒரு முழங்கை. அது அப்பாவுடையது என்று அம்மா சொல்கிறார். பிலிம் காலத்தில் காரையெல்லாம் யார் படம் எடுத்தார்கள்?

அதற்குப் பிறகுதான் இரண்டாம் கையாக ஒரு பழைய நிக்கோன் வாங்கி, கண்ணில் படும் கஞ்சில்களை எடுக்க ஆரம்பித்தேன். கலை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. முதலில் எண் பலகையைப் பார்ப்பேன். இல்லை என்று தெரிந்த பிறகும் வந்ததுக்கு ஒன்று எடுத்துவிட்டுப் போவேன். வாழை இலைக் கட்டு ஏற்றிய கஞ்சில், நான்கு கதவும் நான்கு நிறத்தில் உள்ள கஞ்சில், கூரையில் பூனை தூங்கும் கஞ்சில் என்று சேர்ந்துகொண்டே போனது. ஓடும் கார்களைவிட நிற்கும் கார்களை எடுப்பதுதான் கஷ்டம். பின்னால் குப்பைத் தொட்டி, பக்கத்தில் ஒரு வேன், கண்ணாடியில் என் உருவமே தெரியும். காலை வெயில் கட்டடத்துக்கு மேலே ஏறுவதற்குள் எடுத்தால்தான் உண்டு.

ஆறேழு மாதத்தில் கார் எனக்கு அலுத்துவிட்டது. அப்போதுதான் புடு பக்கம் ஒரு வேலையாகப் போனவன் ‘ஜாலான் கஞ்சில்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தேன். அந்த வட்டாரத் தெருக்களுக்கே விலங்குப் பெயர்கள்தான். முள்ளம்பன்றிக்கு ஜாலான் லண்டாக், கேளையாட்டுக்கு ஜாலான் கிஜாங். பலகையை எடுத்தேன். எடுத்த கையோடு, இனிமேல் பெயர்தான் கணக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்தப் பெயர் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது தெரியுமா? மலாக்கா மாநிலச் சின்னத்தில் மரத்தின் இரு பக்கமும் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. பரமேஸ்வரா மரத்தடியில் ஓய்வெடுத்தபோது வேட்டை நாயை ஒரு வெள்ளைச் சருகுமான் உதைத்து ஆற்றில் தள்ளியது என்ற கதை நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தது. அந்த மரம் வேறு எதுவும் இல்லை, நம் நெல்லிதான். ஜகார்த்தாவில் பஜாய் எனப்படும் மூன்று சக்கர வண்டிக்குப் பதிலாகக் கொண்டுவந்த குட்டி வண்டிக்கும் கஞ்சில் என்றே பெயர். அதை எடுக்க எனக்கு வாய்ப்பு அமையவில்லை. ராஃபிள்ஸ் 1821இல் இந்த விலங்குக்கு அறிவியல் பெயர் வைத்தபோது மலாய்க்காரர்கள் சொன்ன பெயரையே லத்தீனோடு சேர்த்துவிட்டார்; இப்போது அதன் பெயர் திராகுலஸ் கஞ்சில். சாங் கஞ்சில் கதைகளைக் கேட்காத மலேசியப் பிள்ளை இருக்க முடியாது. முதலைகளை எண்ணச் சொல்லி அரசர் சுலைமான் கட்டளையிட்டிருக்கிறார் என்று பொய் சொல்லி, வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகில் குதித்தே ஆற்றைக் கடந்துவிடும் அந்தக் கெட்டிக்காரக் கஞ்சிலைத்தான் சொல்கிறேன். 1983இல் ஒளிபரப்பான ‘ஹிகாயாட் சாங் கஞ்சில்’ நம் நாட்டின் முதல் கேலிச்சித்திரக் குறும்படம். ஃபிலெம் நெகாராவில் அதை வரைந்து உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். இந்தப் பெயரை நம் பிள்ளைகள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

விலங்கை எடுப்பதுதான் மிச்சம் இருந்தது. அது சுலபம் என்று நினைத்தேன். மஸ்ஜித் இந்தியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், தாமான் போட்டானி பெர்டானாவில் ‘தாமான் ரூசா டான் கஞ்சில்’ இருக்கிறது. ரூசா என்றால் மான். 1996இல் பெரோடுவா ஒரு வேனுக்கும் ரூசா என்று பெயர் வைத்தது. அதாவது ஒரே பலகையில் பெரோடுவாவின் இரண்டு வண்டிகள்! பலகையை எடுத்துவிட்டு உள்ளே போனால் மான் தாராளமாக வந்து நிற்கிறது. கஞ்சில் வரவில்லை. செடி மறைவில் ஒரு மூக்கு, ஒரு கண், அவ்வளவுதான். உச்சி வெயிலில் அது வெளியே வராது. நான்கு முறை போனேன். நான்கு முறையும் கம்பி வேலிதான் தெளிவாக விழுந்தது.

கடைசியில் ஒரு பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு தாமான் நெகாராவில் கோலா தஹான் போனேன். இரவு எட்டரை மணி. வழிகாட்டி டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். தங்குமிடத்துக்கு இருபது அடி தள்ளி, இலைகளுக்கு நடுவே இரண்டு கண்கள். பூனை என்றுதான் நினைத்தேன். பிறகு கால்களைப் பார்த்தேன். பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். குளம்புள்ள விலங்குகளிலேயே மிகச் சிறியது இதன் இனம். இரண்டு கிலோ இருக்கும். கொம்பு கிடையாது. ஆணுக்கு மேல்தாடையிலிருந்து கோரைப் பல் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பயந்தால் பின்னங்கால்களால் தரையில் படபடவென்று தட்டும். இது தட்டவில்லை. என்னையே பார்த்தது. பிளாஷ் போட மனம் வரவில்லை. ஒளி போதாமல் கேமரா திணறியது. எடுத்த எட்டுப் படங்களில் ஏழு கலங்கல். எட்டாவதில் முகம் மட்டும் ஒரு மாதிரி தேறியது.

அந்த இருட்டில் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. இவ்வளவு சின்னதையா பிடித்துக் குழம்பு வைத்தீர்கள்? லயத்தில் எத்தனை வாய்க்குப் பங்கு போட்டிருப்பார்கள்? பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விருந்தாக இருந்திருக்க வேண்டும்!

இதே கிறுக்கு பிடித்தவர்கள் இன்னும் நான்கைந்து பேர் உண்டு. ஒருவருக்கு சாகா. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவுக்கு அந்தப் பெயர் பொதுமக்கள் போட்டியில் கிடைத்தது. சாகா என்பது சிவப்பு விதை தரும் மரம், நம் மஞ்சாடி. தட்டார்கள் பொன் நிறுக்கவும் பெண்கள் பல்லாங்குழி ஆடவும் வைத்திருந்த அதே விதை. இன்னொருவர் கெலிசாவுக்காக ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் மீன்தொட்டியைத் தேடுகிறார். கெலிசா என்றால் அரோவானா மீன். சாப்பிடும்போது தொட்டிக்குப் பக்கத்து மேசைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்.

இந்தக் கெலிசாக்காரர்தான் போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். கிள்ளானில் ஒரு மாமரத்தடியில் கறுப்புக் கஞ்சில். நிறத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருப்பேன். எண் பலகை கண்ணில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டில் வயதான மலாய் அம்மா ஒருவர் இருந்தார். மக்சிக், இது என் அப்பாவின் கார், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முதலில் என்னைக் கடன் வசூலிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். பிறகு தண்ணீர் கலக்கிக் கொடுத்து உட்காரச் சொன்னார். கணவரை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் கொண்டுபோய் விட்டதும் கூட்டிவந்ததும் இந்தக் காரில்தானாம். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. விற்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறான், எனக்கு இன்னும் மனம் வரவில்லை என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

கதவைத் திறந்து காட்டினார். சாவித் துவாரத்துக்கு மேலே அப்பா ஒட்டியிருந்த பிள்ளையார் இல்லை. அந்தப் பசை வட்டம் அப்படியே இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு குர்ஆன் வசனம் ஒட்டியிருந்தது. பிள்ளையார் இருந்த இடத்தை ஏன் விட்டு வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எதேச்சையாகக் கூட இருக்கலாம். அன்றைக்கு நாற்பது படம் எடுத்திருப்பேன். மக்சிக்கையும் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு, தூடோங்கைச் சரிசெய்துவிட்டு, காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றி நின்றார். அக்கா நிச்சயதார்த்தப் படத்தில் அப்பாவின் முழங்கை இருந்த அதே பக்கம்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கறுப்பு நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா யார், வீட்டுக்காரருக்கு என்ன ஆனது என்று கேட்டார். சொன்னேன். பிறகு படத்தின் கீழ்மூலையில் விரலை வைத்தார்.

“முன் டயர்ல காத்தே இல்லையே. உங்கப்பா பார்த்தா சும்மா விடுவாரா? அந்தம்மா பாவம், யாரைக் கேப்பாங்க?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பம்பை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அம்மாவும் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தார், மடியில் ஒரு டப்பா முறுக்கோடு.