தாத்தா பேர் வச்ச பையன்

கிணத்துல குதிச்சு வயித்துல அடி வாங்கினாலே நமக்கு நாள் முழுக்க எரியும். பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி, 10 மீட்டர் மேடையிலிருந்து மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் தண்ணீரில் விழுந்தவர். ஒருநாள் ரெண்டுநாள் இல்லீங்க, 2008 பெய்ஜிங்கில் 14 வயசில் தொடங்கி 2024 பாரிஸ் வரை ஐந்து ஒலிம்பிக்! 2021ல் முழங்கால் ஆபரேஷன் முடிஞ்ச சில வாரத்திலேயே டோக்கியோ போய் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கினார்.

எனக்கு உறைச்சது வேற. எங்கேயும் கூடவே வந்த அப்பா 2011ல் மூளைக்கட்டியால் போய்ட்டார். முதல் ஒலிம்பிக் பதக்கம் வந்தது 2012ல். டோக்கியோவில் கொரோனாவால் பார்வையாளர்களே இல்லை. ஒதுங்கியிருந்தவரைத் திரும்ப மேடையேத்தினது, அப்பா ஒலிம்பிக்ல குதிக்கறதப் பாக்கணும்னு கேட்ட மகன். தாத்தா பேர் வச்ச பையன். பாரிஸில் அவன் பார்க்க வெள்ளி வாங்கினார். அப்புறம்தான் ஓய்வை அறிவிச்சார். உடம்பு போதும்னாலும், பார்க்க நம்மாளு ஒருத்தர் இருந்தா மனசு இன்னொரு தடவை ஏறச் சொல்லும் போல.