கோட்டைமேட்டுச் சந்தும் சின்னஞ்சிறு காரும்

கோயம்புத்தூர் செல்லும் நம்மவர்கள் ஜவுளி வாங்கிக்கொண்டோ, மருத்துவமனையில் இருக்கும் உறவினரை நலம் விசாரித்துக்கொண்டோ திரும்பிவிடுவது வழக்கம். அவினாசி சாலையில் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும் ஒரு முறை கண்டு வருதல் நலம். பல நாட்டுப் பழங்கார்களின் அணிவகுப்புக்கு நடுவே நிற்கும்போது, இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டிய ஒரு காரின் நினைவு வராமற் போகாது.

சூலூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, 1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கியவர். 1952-இல் இருவர் அமரத்தக்க சிறு பெட்ரோல் கார் ஒன்றை வடிவமைத்து, 2000 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. திட்டம் அதோடு நின்றது. நடுத்தரக் குடும்பங்கள் மாருதி 800 வரும் 1983 வரை, முப்பத்தோராண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இன்று அதே அவினாசி சாலையில், 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோ மீட்டர் மேம்பாலம் நாயுடுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் மீது பெருங்கார்களே மிகுதியாக விரைகின்றன என்பது வேறு செய்தி!

சிறு காரின் அருமையை உணர மேம்பாலத்தை விட்டு இறங்கி, உக்கடம் வழியாகக் கோட்டைமேட்டுக்குள் நுழைய வேண்டும். திப்பு சுல்தான் காலத்துக் கோட்டை மறைந்துவிட்டது; பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. வீட்டுத் திண்ணைக்கும் எதிர்வீட்டுத் திண்ணைக்கும் இடையே சில முழமே உள்ள சந்துகள் இங்கு உண்டு. பழைய அம்பாசடர் ஏறத்தாழ 14 அடி நீளம். மாருதி 800-ஓ 11 அடி. 2009-இல் விற்பனைக்கு வந்த டாட்டா நானோ 10 அடிக்குச் சற்றே மிகுதி. இந்த மூன்றடி வேறுபாடு காகிதத்தில் அற்பம். ஜனாஸாவைச் சுமந்து வருவோர் தோள் இடிபடாமல் கடக்கவும், நள்ளிரவில் ஆம்புலன்ஸ் உள்ளே வரவும் அந்த மூன்றடியே வழி விடுகிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே நற்செயலாகக் கருதும் நாம், அண்டை வீட்டாரின் வாசலை அடைத்துக் காரை நிறுத்துவது எங்ஙனம் தகும்?

பொருளாதாரக் கோணமும் ஒன்றுண்டு. பெரிய கார் வாங்குவோரில் பெரும்பாலோர் தவணைக் கடனில் இறங்குகின்றனர். தவணையோடு வட்டியும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பழைய சிறு காராயின் சில ஆண்டுச் சேமிப்பைக் கொண்டே ரொக்கமாக வாங்கிவிட இயலும். இதற்காகவே சிறு காரைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தாரைக் குறைவாக எண்ணுதல் கூடாது. அத்தகைய ஏளனமே நானோவை வீழ்த்தியது. மழையில் ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பத்துக்காக ஒரு லட்சம் ரூபாயில் திட்டமிடப்பட்ட அந்தக் கார் 'மலிவுக் கார்' என்ற பெயராலேயே வாங்குவோரை இழந்து, 2018-இல் உற்பத்தி நின்றது.

எனினும் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. அத்தா, அம்மா, மருமகள், மூன்று பிள்ளைகள் என வாழும் வீட்டில் நானோ நால்வரோடு நிறைந்துவிடும். பெருநாள் தொழுகைக்கே இரண்டு நடை போக வேண்டிவரும். இதனினும் கவலைக்குரியது பாதுகாப்பு. 2014-இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் நானோவும் ஆல்ட்டோ 800-உம் பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. காற்றுப் பை இல்லாத பழைய காரை நகரத்துக்குள் மெல்ல ஓட்டலாம். லாரிகள் சீறிப்பாயும் சேலம் நெடுஞ்சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலைப் பயணமும் அவ்வாறே. பொள்ளாச்சி வரையிலான 40 கிலோ மீட்டரும் தென்னந்தோப்புகளின் ஊடே எவ்விதச் சிரமமுமின்றிக் கழியும். ஆழியாறு அணையைத் தாண்டியதும் வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஐவரும் மூட்டைகளும் நிறைந்த 796 சி.சி. கார் இங்கே முதற்கியரில் முனகியபடி ஏறும். குளிர்சாதனத்தை நிறுத்தினால்தான் சற்று வலிமை வரும். இறங்கும்போதும் அதே தாழ்ந்த கியரிலேயே வருதல் வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஒன்பதாம் வளைவில் உள்ள காட்சி முனையில் என்ஜினுக்கு ஓய்வு தந்து, கீழே விரியும் ஆழியாறு நீர்ப்பரப்பைக் கண்டு சுப்ஹானல்லாஹ் சொல்லிவிட்டுப் புறப்படலாம். குடும்பம் பெரிதாயின் காரைப் பொள்ளாச்சியிலேயே உறவினர் வீட்டில் நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து வால்பாறைக்கு அரசுப் பேருந்துகள் உண்டு. சன்னலோர இருக்கை வேண்டுமெனில் காலையிலேயே பேருந்து நிலையம் சேர்ந்துவிட வேண்டும்.