வேண்டாம் என்பதை எங்கே எழுதிவைப்பது

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று எழுதுகிறவள். போன வருஷம் என்னிடம் வந்தது, விளம்பரச் செய்தி அனுப்பும் நிறுவனங்களுக்கான ஒரு கருவி. 'வேண்டாம்' என்று சொன்னவர்களின் எண்களை அனுப்பும் பட்டியலிலிருந்து விலக்குவதுதான் அதன் வேலை.

விலக்குவது வேறு, அழிப்பது வேறு என்று புரியவைக்கவே மூன்று பக்கம் ஆனது. ஒரு எண்ணை அழித்துவிட்டால், அடுத்த மாதம் வேறொரு கோப்பிலிருந்து அதே எண் புதிதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் வேண்டாம் என்றவரின் எண்ணைத் தனியாக ஒரு தடைப் பட்டியலில் வைத்திருந்து, ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருத்தியைத் தொந்தரவு செய்யாமல் இருக்க, அவளை ஞாபகம் வைத்திருந்தாக வேண்டும்.

எழுதும்போதெல்லாம் வியாசர்பாடியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவின் நினைப்பு. ஏழாம் மாதத்தில் அவருக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த இடத்தில் கணவரின் எண்ணைக் கொடுத்திருந்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான். குழந்தை இந்த வாரம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று சொல்லும் செய்திகள் நிற்கவில்லை. பிறகு டயப்பர், பிறகு தடுப்பூசி. கணவர் படித்துவிட்டுப் பேசாமல் அழித்துவிடுவார். அவர் போனைக் கவிழ்த்துவைக்கும் விதத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிடும். மாமியார் கையில் போன் இருக்கும்போது வந்தால் வீட்டில் அன்றைக்கு ஒரே பேச்சு.

"இத்த நிறுத்த முடியாதா பாப்பா? நீ கம்ப்யூட்டர் வேலதானே பண்றே?"

வழி இருக்கிறது. 2007 முதலே வேண்டாத விளம்பர அழைப்புகளுக்கு டிராய் விதி வைத்திருக்கிறது. 1909 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம். 2018 விதிகளின்படி வங்கி, மனை, கல்வி, உடல்நலம் என்று வகைவகையாகவும் தடுக்கலாம். ஆனால் செய்தி அந்த எண்ணிலிருந்தே போக வேண்டும். கணவர் கெட்டவர் இல்லை, கேட்டால் கொடுத்திருப்பார். கேட்டால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டுமே. அவர் குளிக்கப் போன நேரத்தில் அனுப்பினோம்.

மற்றவை குறைந்தன. ஸ்கேன் எடுத்த இடத்துச் செய்தி நிற்கவில்லை. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தார்கள். தனியாக வாங்கிய சம்மதத்தை 1909 தடுக்காது. நேரில் போனோம். கவுண்டரில் இருந்த பெண், ஏன் வேண்டாம் என்று கேட்டார். வரிசையில் வயிற்றோடு நின்றவர்கள் முன்னால் அக்கா பதில் சொன்னார்.

2018 டிசம்பரில் ஜில்லியன் புரோக்கெல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், குழந்தையை இப்படி இழந்த பிறகு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நான் கர்ப்பமானதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்கு என் குழந்தை இறந்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்பது அதன் சாரம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இறந்ததையும் கண்டுபிடித்தால் அதற்கென்று ஒரு விளம்பரம் வரும். அவர்களுக்கு ஒன்றும் தெரியவே வேண்டாம், நிறுத்தினால் போதும்.

நான் கையேடு எழுதிய கருவியிலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. விலை அதிகம், ஆர்வமில்லை, செய்திகள் அதிகம், பிற. காரணம் தெரிந்தால் வியாபாரத்துக்கு உதவும் என்றார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் வாங்கும்போது ஏன் என்று யாரும் கேட்கவில்லையே என்று எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் இழுத்தது. கட்டம் போகவில்லை, ஆனால் காலியாக விடலாம் என்றாயிற்று.

பின்கோடு வைத்து மொத்தமாக விலக்கும் வசதியும் அதில் உண்டு. அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கடன் வேண்டுமா என்று தேனாகப் பேசும் குரல், வியாசர்பாடி, 600039 என்றதும் வைத்துவிடும். 'நெகட்டிவ் ஏரியா' என்று அதற்குப் பெயர். அந்தப் பட்டியலில் சேர யாரும் செய்தி அனுப்ப வேண்டியதில்லை. இரண்டு வகை ஆட்களும் கருவியில் ஒரே அட்டவணையில்தான் விழுகிறார்கள்.

கடைசியாக ஒரு பகுதி சேர்த்தேன்: 'ஒரே எண்ணைப் பலர் பயன்படுத்தினால்'. கருவிக்கு எண்தான் ஆள். மனைவியின் 'வேண்டாம்', கணவருக்கு வரும் வேலைச் செய்தியையும் சேர்த்து நிறுத்திவிடும். கணவர் 'வேண்டும்' என்று அழுத்தினால் அவளுடைய 'வேண்டாம்' போய்விடும். எதற்கு வேண்டாம் என்றாரோ அதை மட்டும் பதிவு செய்யும் முறையை அரைப் பக்கத்தில் விளக்கியிருந்தேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தாங்களே பயன்படுத்தும் மொபைல் இருப்பதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுக்க சுமார் 54 சதவீதம்தான் என்பதையும் குறிப்பாகப் போட்டேன்.

சரிபார்த்த தம்பி, "இந்தப் பகுதி தேவையாக்கா? இந்தக் காலத்துல ஒரு போனை ரெண்டு பேர் வெச்சிருக்கறவங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டான். எங்கள் தெருவில், குழாயடிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.