தென்றிசைச் செலவு

கார்த்திகை பிறந்தால் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் மன்னார்க் கரையிலும் வடதிசைப் பறவைகள் வந்திறங்குதலை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவை எத்துணை ஆயத்தத்தோடு புறப்பட்டன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சிறகு உண்டு, வானம் உண்டு, வந்தன என்று அமைந்துவிடுகிறோம். கனடா தேசத்தில் 'பனிப்பறவைகள்' என்று அழைக்கப்படும் ஒரு சாரார் உளர். அவர்கள் உத்தியோகத்தினின்று இளைப்பாறிய முதியோர். குளிர் தொடங்கும் காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தெற்கே ஐக்கிய அமெரிக்காவின் புளோறிடா முதலிய வெப்ப நிலங்களுக்குச் சென்று, பங்குனி சித்திரையில் மீள்பவர்கள். சிறகில்லாத இப்பறவைகளுள் ஒருவர் புறப்படுதற்குச் செய்த ஆயத்தங்களை ஆறு வாரம் அருகிருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அவர் நம் கல்லூரியின் பழைய மாணவர், எமக்குத் தாய்மாமன். மலருக்குக் கட்டுரை வேண்டிய அன்பர்கள் தமிழாசிரியரிடமிருந்து இலக்கியக் கட்டுரையை எதிர்பார்த்திருப்பர். இதுவும் ஒருவாற்றான் அதுவேயாம்.

மாமாவுக்கு அகவை 71. ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழ்கிறார். கொள்ளைநோயால் மூடப்பட்டிருந்த தரைவழி எல்லையை அமெரிக்கா 2021 நவெம்பரில் மீளத் திறந்தபின், அவரும் மாமியும் மூன்று குளிர்காலம் மோட்டார் வண்டியிற் புளோறிடா சென்று வந்தனர். 2024 ஆடியில் மாமி இறைபதம் எய்தினார். அவ்வாண்டு மாமா எங்கும் செல்லவில்லை. 2025 மாசியில் ரொறன்ரோவில் வெண்பனி அடுத்தடுத்துக் கொட்டிற்று. வாயிற்படியில் வழுக்கி விழுந்து இடக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டு அவிழ்த்த நாளிலேயே, அடுத்த குளிருக்குத் தெற்கே போவதென்றும், முன்போல் வண்டியிலேயே போவதென்றும், தனியே போவதென்றும் தீர்மானித்துவிட்டார். இம்மூன்றனுள் முதலாவதை அவர் மகள் ஏற்றாள். ஏனைய இரண்டையும் ஏற்கவில்லை. நாம் ஒக்ரோபர் இறுதியில் விடுமுறை பெற்று அங்குச் சென்ற அன்றிரவே, "அத்தான், நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். விமானத்திற் போகச் சொல்லுங்கள்" என்று முறையிட்டாள்.

விமானத்திற் போவார்க்கு அது மூன்று மணி நேரப் பயணம். வண்டியிலோ ஏறக்குறைய 2,200 கிலோமீற்றர். ரொறன்ரோவிலிருந்து 401ஆம் இலக்கப் பெருந்தெருவில் மேற்கே விண்ட்சர் நகர்வரை சென்று, 1929இல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலத்தால் டிற்றோயிற் ஆற்றைக் கடந்து, அப்பால் 75ஆம் இலக்கப் பெருந்தெருவொன்றையே பற்றிக்கொண்டு ஒகையோ, கென்ரக்கி, ரெனசி, ஜோர்ஜியா மாநிலங்களினூடாக இறங்குதல் வேண்டும். நான்கு மாதம் அங்கே தங்குவோனுக்கு வண்டி இன்றியமையாதது என்றும், வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஊரில் ஒரு கிணறு வெட்டலாம் என்றும் மாமா காரணம் கூறினார். அவை மெய்யான காரணங்களே. வேறொரு காரணமும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆயத்தத்தின் முதற்பகுதி முழுவதும் கணக்கே. மாணவப் பருவத்தில் கணிதத்தில் வல்லவராயிருந்த மாமா, ஒரு பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பியில் எல்லை கடந்த நாள்களையெல்லாம் பதிந்து வைத்துள்ளார். அமெரிக்க வரித்துறையின் விதி விசித்திரமானது. இவ்வாண்டு அங்கே தங்கிய நாள்கள் முழுவதையும், சென்ற ஆண்டின் நாள்களில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு முந்திய ஆண்டின் நாள்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டி, தொகை 183 ஆயின் அம்மனிதனைத் தன் நாட்டில் வதிபவனாகவே கருதும். ஆண்டுதோறும் 120 நாள் தங்குபவனுக்கு 120, 40, 20 எனத் தொகை 180, தப்பினான். ஐந்து நாள் கூடத் தங்கினானாயின் தன் உறவும் வீடும் கனடாவிலேயே என்று படிவம் நிரப்பிக் காட்டல் வேண்டும். இப்பாலோ, ஒன்ராறியோ மாகாணத்தின் வைத்தியக் காப்புறுதிக்கு உரியவராயிருக்க விரும்புவோர் பன்னிரண்டு மாதத்துள் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே தங்கலாகாது. இவற்றோடு, 30 நாளும் அதற்கு மேலும் தங்கும் அந்நியர் தம்மைப் பதிவு செய்தல் வேண்டும் என்னும் விதி 2025 ஏப்ரல் முதல் கனேடியர் மீதும் இறுகியது. அவ்வாண்டு இரு நாடுகளுக்குமிடையே எழுந்த வரிப்பிணக்கால் மனம் கசந்து அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்ட கனேடியர் பலர். அயல்வீட்டு முதியவர் ஒருவரும் அக்கூட்டத்தவரே. "அவர்களுடைய வெயிலுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று அவர் மாமாவைக் கேட்டார். "வெயில் அவர்களுடையது அன்று" என்றார் மாமா.

கணக்கெல்லாம் நேரானது, நவெம்பர் 5ஆம் நாள் புறப்படுவதென்று குறித்திருந்தார். அதைத் தடுத்தது ஒரு சிறு குளிகை.

ஒன்ராறியோ மாகாணக் காப்புறுதி, பிறநாட்டு வைத்தியசாலையிற் கிடந்தால் நாளொன்றுக்குக் கூடியது 400 டொலர் அளவே கொடுக்கும். அமெரிக்க வைத்தியசாலைகளில் அத்தொகை ஒரு காலைப்பொழுதுக்கும் போதாது. ஆதலால், தனியாரிடம் பயணக் காப்புறுதி வாங்காமற் போகும் முதியவன் பிள்ளைகளின் வீட்டையும் பணயம் வைத்துப் போகிறான் என்றே சொல்லலாம். அக்காப்புறுதிப் பத்திரத்தில், முன்னமே உள்ள நோய், புறப்படும் நாளுக்கு முந்திய 90 நாள்களில் நிலைபெற்றிருத்தல் வேண்டும் என்றொரு விதி உண்டு. நோய் முற்றியிருந்தால் மாத்திரமன்று, மருந்தின் அளவு கூடினாலும் குறைந்தாலும் அது நிலைபெறாத நோயாகவே கொள்ளப்படும். மாமாவின் இரத்த அழுத்தக் குளிகையின் அளவை வைத்தியர் செப்ரெம்பர் 9ஆம் நாள் சிறிது கூட்டியிருந்தார். நல்லெண்ணத்தோடு செய்த அச்சிறு மாற்றத்தால், நவெம்பர் 5இல் புறப்பட்டு வழியில் மாரடைப்பு நேர்ந்திருப்பின் ஒரு சதமும் கிடையாது.

"எனக்கு இரண்டு மாதமாக ஒன்றுமில்லையே" என்று மாமா முதலிற் சினந்தார். மச்சாள் அழுதாள். நாம் பத்திரத்தை அவர் முன் வைத்து, நாள்களை அவரையே எண்ணச் செய்தோம். செப்ரெம்பரில் 21, ஒக்ரோபரில் 31, நவெம்பரில் 30, டிசெம்பரில் 8. மனிதர் சொல்லுக்கு வளையாதவர் கணக்குக்குப் பணிந்தார். டிசெம்பர் 9 என்று கொப்பியில் மாற்றி எழுதினார். அகப்பொருளில் 'செலவழுங்கல்' என்று ஒரு துறை உண்டு. பிரியக் கருதிய தலைவன் தலைவியின் துயர் கண்டு போக்கைத் தள்ளிவைப்பது. அது போகாமையன்று, ஆற்றுவித்துப் போதற்கே என்பது தொல்காப்பியர் கருத்து. மாமாவின் அழுங்கலும் அத்தன்மைத்தே. அந்த ஐந்து வாரத்தில் மகளின் மனம் சிறிது சிறிதாக ஆறிற்று.

ஆயினும் தாமதத்துக்கு விலை உண்டு. நவெம்பர்த் தொடக்கத்தில் வெறுந்தரையாய்க் கிடக்கும் தெரு, டிசெம்பரிற் பனி பூண்டுவிடும். 401ஆம் தெருவில் இலண்டன் என்றே பெயர் பூண்ட ஒரு நகரம் உண்டு. ஹியூறன் ஏரியிலிருந்து எழும் பனிமேகம் அதனைச் சூழத் திடீரெனக் கொட்டி, முன்செல்லும் வண்டியையும் மறைத்துவிடும். வெப்பம் 7 பாகைக்குக் கீழே சென்றால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகிப் பிடியை இழக்கும். பனிக்கால ரயரோ புளோறிடா வெயிலில் விரைந்து தேயும். முதல் ஒன்றரை நாளுக்கு ஒன்று, எஞ்சிய நான்கு மாதத்துக்கு மற்றொன்று என்னும் இச்சிக்கலை, எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற மலையும் பனித்துகளும் பொறித்த ஒருவகை ரயர் வாங்கித் தீர்த்தார். −40 பாகையிலும் உறையாத கண்ணாடி கழுவும் நீர், மண்வெட்டி, கம்பளம், மெழுகுதிரி, மின்கல வடம் என்பன வண்டியின் பின்னறையில் ஏறின. தம்பிடம் கேட்டவர்க்கெல்லாம் எரிபொருட் கலம் பாதிக்குக் கீழே இறங்க விடலாகாது என்று உபதேசித்தார். பனியில் வழி மறிபட்டால் வண்டியின் சூடே உயிர்.

வீட்டை உறங்க வைப்பதும் ஒரு வித்தை. பிரதான நீர்க்குழாயை மூடி, மேல்மாடிக் குழாய்களைத் திறந்து எஞ்சிய நீரை வடித்தல் வேண்டும். இன்றேல் குழாயில் நீர் உறைந்து விரிந்து வெடித்துவிடும். சூடாக்கியை முற்றாக அணைக்காது 15 பாகையில் விடவேண்டும். வீட்டுக் காப்புறுதிக்காரர் விதித்தபடி ஒருவர் குறித்த நாள்களில் உள்ளே சென்று பார்த்து வரவேண்டும். திறப்பு மச்சாளிடம் ஒப்படைக்கப்பட்டது. மாமா 43 விடயங்கள் கொண்ட ஓர் அட்டவணை எழுதிக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டி, முடிந்தவற்றைச் சிவப்பு மையால் வெட்டி வந்தார். மருந்துகள் அவ்வவற்றின் மூலப் போத்தல்களில், எல்லையிற் காட்டுதற்கு வீட்டு வரிச்சீட்டும் வாடகை ஒப்பந்தமும், ஊர் மிளகாய்த்தூள் இரண்டு போத்தல், புட்டுக்குழல்.

அவ்வட்டவணையைப் பார்த்து நின்ற ஒருநாள், 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் மாலை எம் நினைவுக்கு வந்தது. வலிகாமத்து மக்கள் ஊரை விட்டு அகன்ற நாள் அது. நாம் அப்போது பள்ளி மாணவர்; மாமா 41 வயதினர். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி வரையுள்ள 10 மைல் வழியை மழையிலும் சனநெரிசலிலும் ஓர் இரவு முழுவதும் நடந்தோம். மாமாவின் சைக்கிளிற் காணி உறுதிகளும் சான்றிதழ்களும் ஒரு சாக்குப்பையும் தொங்கின. எதை எடுப்பது, எதை விடுவது, எப்போது மீள்வது என்பனவற்றுக்கு அன்று அட்டவணை ஏது? இதை மாமாவிடம் சொன்னோம். சிவப்புப் பேனாவை மூடிவைத்து, "அதுதான் தம்பி, இதைச் செய்ய எனக்கு அலுப்பில்லை" என்றார்.

தனிமையே எஞ்சிய சிக்கல். மூன்று குளிர்காலமும் வண்டியோட்டியவர் மாமா. வழி சொன்னவர் மாமி. தொலைபேசி ஆங்கிலத்தில் வழி கூறும். ஆயின் மாமி அதை நம்பியதில்லை. கொப்பியின் பின்பாதி அவர் கையெழுத்து. "சின்சினாற்றியில் ஈரடுக்குப் பாலம் வருமுன் பேச்சை நிறுத்தவும்." "அற்லாந்தாவைக் காலை பத்துக்கு முன்னும் பின்னேரம் மூன்றுக்குப் பின்னும் கடக்க வேண்டாம். இரண்டு பெருந்தெரு ஒன்றாகும் இடம்." "இங்கே கழிப்பறை துப்புரவு." "கிழவன் இங்கே களைப்பார், தேத்தண்ணி கொடுக்க." ரெனசியில் ஹைவாசி ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நேரே இரட்டைக் கோடு இட்டிருந்தார். 1990 டிசெம்பர் 11ஆம் நாள் அவ்விடத்து மூடுபனியில் 99 வண்டிகள் ஒன்றோடொன்று மோதி 12 பேர் இறந்தனர்; பின்னர் மூடுபனியை அறிந்து எச்சரிக்கும் கருவிகள் அங்கே நாட்டப்பட்டன. "காலை ஒன்பதுக்கு முன் இவ்விடம் வரக்கூடாது" என்பது மாமியின் குறிப்பு. பரிசில் பெற்று மீண்டவன் எதிர்ப்பட்டவனுக்கு வழியும் தங்குமிடமும் உணவும் கூறி ஆற்றுப்படுத்தும் பாட்டுகளை நாம் இருபது ஆண்டாக வகுப்பிற் கற்பித்து வருகிறோம். அக்கொப்பியைப் புரட்டியபோதுதான் ஆற்றுப்படையின் அருமை எமக்கு முற்றும் விளங்கிற்று.

மாமாவின் கண்ணுக்கு அச்சிறு எழுத்துகள் தெரியா. ஆகவே கரும்பலகையிற் பழகிய எம் கையெழுத்தால், அக்குறிப்புகளைத் தங்குமிடத்துக்கு ஓர் அட்டையாக, நான்கு பகலுக்கு 17 அட்டைகளிற் பெரிதாக எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்த அட்டையைப் படித்துவிட்டுப் புறப்படுவது என்பது ஏற்பாடு. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. 'கிழவன்' என்பதையும் அப்படியே எழுதினோம். மச்சாள் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்தபின் விமானத்தைப் பற்றிப் பேசவில்லை. இருட்டில் ஓட்டலாகாது, பகல் ஒன்பது மணிநேரமே உள்ளமையால் நாளொன்றுக்கு 600 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாது, இரவுதோறும் பேசவேண்டும் என மூன்று நிபந்தனை விதித்தாள்.

டிசெம்பர் 9 காலை ஏழரை மணிக்குப் பனி தூவிக்கொண்டிருந்தது. மாமா முன்னிருக்கையின் வலப்பக்கத்தில் உணவுப் பையை வைத்து, அதற்கும் இருக்கைப் பட்டியைப் பூட்டினார். விபூதி பூசிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாது போனார். கொப்பி வழியில் தொலைந்துவிடும் என்றஞ்சி அதை வீட்டிலேயே விட்டுச் சென்றார்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு ஒகையோவின் லைமா நகரிலிருந்து தொலைபேசி வந்தது. இலண்டனுக்கு அருகே ஒரு மணிநேரம் ஊர்ந்து சென்றாராம். பாலத்தில் உத்தியோகத்தர் ஆறு கேள்வி கேட்டு விட்டுவிட்டாராம். மூன்றாவது அட்டையில் மாமி குறித்த தேநீர்க்கடை மூடப்பட்டுவிட்டது என்றார்.

"வாத்தியார், கொப்பியில் அதைத் திருத்திவிடும். வெட்ட வேண்டாம், பக்கத்தில் எழுதும்."