குழி மூடிய பிறகும் சம்பளம்

ஹைதராபாத்தில் போவன்பள்ளியை ஒட்டிய ஹஸ்மத்பேட்டையில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளன. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தும் வீடுகள் நாலாபுறமும் நெருக்கிவிட்டன. இத்தகைய இடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் வேலி, அறிவிப்புப் பலகை, ஆக்கிரமிப்பு என்றே போகும். அங்கே கிடைப்பதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் அடுத்த ஆண்டும் இந்தத் தொழிலில் இருப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. முதுகலை முடித்து, நெட் தேறி, பருவத்துக்கு ஒரு தளமாகத் தொகுப்பூதியத்துக்கு அலையும் இளைஞர்களின் நிலையை அவர்களுடைய சொந்தக் கஷ்டமாகவே பேசிப் பழகிவிட்டோம். அவர்கள் போகும்போது சான்றும் கூடவே போகிறது என்பதுதான் என் வாதம்.

அகழாய்வைத் திரும்பச் செய்ய முடியாது. தோண்டிய மண்ணடுக்கு போனது போனதுதான்; மிஞ்சுவது குறிப்பேடும் பைகளும். ஒரு பானை ஓட்டுப் பையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சீட்டில் குழி எண், அடுக்கு, ஆழம், தேதி எல்லாம் இருக்கும். ‘அடுக்கு 3’ என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தக் குழியின் மேற்கு மூலையில் எலிவளை ஒன்று மூன்றையும் நான்கையும் கலக்கியிருந்தது என்பது குழிக்குள் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும். அதையும் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. மழைக்கு முன் மூடியாக வேண்டிய அவசரத்தில் விதி எவ்வளவு தூரம் நடக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. ஓடுகளை வகைபிரித்து, எண்ணி, வாய்விளிம்புகளை வரைந்து முடிக்கத் தோண்டியதைவிட அதிக நாள் பிடிக்கும். ஒப்பந்தமோ பெரும்பாலும் குழி மூடும் நாளோடு முடிகிறது. பை கிடங்குக்குப் போகிறது. ஆள் வேறு பிழைப்புக்குப் போகிறார்.

நிரந்தர வேலையில் இருந்தவர்கள் மட்டும் அறிக்கையை உடனே எழுதிவிட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாகார்ஜுனசாகர் அணை நீர் சூழுமுன் 1954 முதல் 1960 வரை மத்தியத் தொல்லியல் துறை நாகார்ஜுனகொண்டாவில் தோண்டியது. அறிக்கையின் முதல் தொகுதி 1975இல் வந்தது, இரண்டாவது 2006இல். ஆதிச்சநல்லூரில் 2004–05இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்கு நீதிமன்றப் படியேறி, பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. கீழடியில் முதல் இரண்டு பருவங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அவருடைய அறிக்கை 2023 ஜனவரியில்தான் துறைக்குப் போனது. இவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது. குறிப்பிட்ட ஒரு தளத்தை எழுதி முடிப்பதற்கென்று ஒதுக்கிய நேரம்தான் கிடைக்கவில்லை. மாறாக, தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டில் தோண்டியது அடுத்த ஆண்டே ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழில் அச்சேறிவிட்டது. எழுதுவதும் அகழாய்வின் பகுதியே என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஆகவே எல்லோருக்கும் அரசு வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்கப் போவதில்லை. தோண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும், குழியில் இருந்த அதே ஆளுக்குக் குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் திட்ட மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

பணம் எங்கே என்பார்கள். மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வுக்கும் கள ஆய்வுக்கும் செலவிடுவது தன் செலவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று 2022இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே சுட்டிக்காட்டினார். அந்தப் பங்கு உயர வேண்டும். உயரும் வரை எட்டுக் குழி போடும் இடத்தில் ஐந்து போடலாம். தோண்டாத மண் எங்கும் ஓடிவிடாது. எழுதாத குழிதான் வீண். அடுக்குமாடி எழும்பும் இடத்தில் இந்தக் கணக்குச் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே கட்டுமான நிறுவனம்தான் செலவை ஏற்க வேண்டும். பிரிட்டனில் 1990 முதல் நடைமுறை அதுதான். அப்படியும் அங்குள்ள இளம் தொல்லியலாளர்கள் பலர் குறுகிய ஒப்பந்தங்களில்தான் காலம் தள்ளுகிறார்கள். பணம் யாரிடமிருந்து வந்தாலும், தோண்டலுக்குப் பிந்தைய வேலைக்கென்று கட்டிப்போடாவிட்டால் பொக்லைனுக்கு வழிவிடுவதோடு தீர்ந்துபோகும்.

‘அனுபவம் கிடைக்கிறதே, அது போதாதா?’ என்கிற பெரியவர்களும் உண்டு. வீட்டில் சோறு போட ஆள் இருப்பவருக்கு மட்டுமே அது போதும். மற்றவர்களின் பிழைப்புக்காக நாம் குரல் எழுப்புவதில்லை; படிப்பில் சேர்வதற்குத்தான் எழுப்புகிறோம். 2020இல் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்புக்கான தகுதிப் பட்டியலில் தமிழ் விடுபட்டபோது தமிழகம் கொதித்தெழுந்தது. சில நாட்களில் தமிழோடு தெலுங்கும் பிற செம்மொழிகளும் சேர்க்கப்பட்டன. சேர்க்கைக்கு எழுந்த குரலில் பாதியாவது, படித்து முடித்தவர்களின் வேலைக்கு எழுந்திருக்கலாம்.

நிதிக்குக் காத்திராமல் அகழாய்வு இயக்குநர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒப்பந்தப் பணியாளருக்குக் கொடுக்கும் சான்றிதழில் ‘கலந்துகொண்டார்’ என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எந்தக் குழி, எந்த அடுக்குகள், எந்த வரைபடங்கள் அவருடையவை என்று எழுதிக் கையெழுத்திடலாம். அறிக்கை எப்போது வந்தாலும் அந்த அத்தியாயத்தில் அவர் பெயரும் இருக்கும் என்று ஒரு வரி சேர்க்கலாம். அடுத்த நேர்காணலில் அவர் நீட்ட ஒரு தாள் இருக்கும். பத்தாண்டு கழித்து அறிக்கை எழுதப் போகிறவருக்கும் எலிவளையைப் பற்றி யாரைக் கேட்பது என்று தெரியும்.