வர்க்கி சுடும் கைகள்

ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கும் வேளையில், சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் இருக்கும் பேக்கரியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. முன்பக்கக் கடையின் ஷட்டர் இன்னும் தூக்கப்படவில்லை. பின்வாசல் வழியாக உள்ளே போனால் நான்கு பேர் பனியனோடு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். வெளியே ஸ்வெட்டரையும் மீறி உடம்பை நடுக்கும் குளிர். ஒருவர் மாவை மேசையின் நீளத்துக்கு இழுத்துப் பரப்புகிறார். இருவர் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தகரத் தட்டுகளில் வைக்கிறார்கள். நான்காமவர் அடுப்பின் வாயருகே குனிந்து உள்ளே பார்க்கிறார்.

"கதவச் சாத்திட்டு வாங்க சார், குளிரு பட்டா மாவு எழும்பாது" என்றார் அவர். அந்தப் பேக்கரியின் மாஸ்டர் அவர்தான்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் தலைக்குந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் சூட்டில் சுறுசுறுப்பாகவும் குளிரில் மந்தமாகவும் வேலை செய்பவை. மேட்டுப்பாளையத்தில் சில மணி நேரத்தில் உப்பிவிடும் மாவு இங்கே இரவு முழுவதையும் கேட்கும். அதனால் மாவுத் தொட்டி அடுப்புச் சுவரை ஒட்டியே இருக்கிறது. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. விரலால் மாவை ஒரு அழுத்து அழுத்துகிறார். குழி மெல்ல மேலே வந்தால் மாவு தயார். வராவிட்டால் தொட்டி இன்னும் ஒரு அடி அடுப்புப் பக்கம் நகர்கிறது.

இங்கே உருவாவது ஊட்டி வர்க்கி. நீலகிரிக்கு வந்து திரும்புகிறவர் பையில் தேயிலைப் பொட்டலத்துக்கும் யூகலிப்டஸ் தைலத்துக்கும் பக்கத்தில் கட்டாயம் இடம்பிடிக்கும் பண்டம். கையில் எடுத்தால் கரடுமுரடாக, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் இருக்கும். கடித்தால் ஏடு ஏடாக நொறுங்கும். லேசான இனிப்பு, அடியில் ஒரு கல் உப்பு, கடைசியில் மெல்லிய புளிப்பு. அந்தப் புளிப்புதான் அதன் அடையாளம்.

மைதா, சர்க்கரை, உப்பு, நெய் அல்லது வனஸ்பதி, தண்ணீர். இவை எந்த பேக்கரியிலும் கிடைப்பவை. வர்க்கியை வேறாக்குவது ஈஸ்ட்டுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் புளித்த கலவை. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து அதைத் தயாரிக்கிறார்கள். கடையில் வாங்கும் ஈஸ்ட் ஒரே வகை உயிரைப் பெருக்கிக் காயவைத்தது. வேகமாக மாவை எழுப்பும், சுவையில் பெரிதாக எதையும் சேர்க்காது. தானாகப் புளிக்கும் கலவையில் ஈஸ்ட்டோடு அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்களும் வளரும். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் அந்தத் தாமதத்தில்தான் மணமும் புளிப்பும் சேரும். பாரிஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் புளித்த மாவு ரொட்டியை இன்று பெருமையோடு அதிக விலைக்கு விற்கிறார்கள். அதே அறிவு ஊட்டிச் சந்துகளில் எந்த விளம்பரமும் இல்லாமல் தலைமுறைகளாகக் கைமாறி வந்திருக்கிறது. இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேசையில் பரப்பிய மாவின் மேல் கொழுப்பைக் கையாலேயே தேய்க்கிறார்கள். மடிக்கிறார்கள். மறுபடி இழுக்கிறார்கள், மறுபடி தேய்க்கிறார்கள், மறுபடி மடிக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் பெருகுகின்றன. அடுப்பின் சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி மேலே முட்டும். நடுவே இருக்கும் கொழுப்பு ஏடுகளை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும். டீக்கடை பஃப்ஸும், மும்பை இரானிக் கடைகளின் காரி பிஸ்கட்டும் இதே சூத்திரத்தில் பிறந்தவைதான். ஆனால் அவற்றைக் கத்தியால் நேர்கோட்டில் வெட்டுவார்கள். வர்க்கிக்குக் கத்தி கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைக் கிள்ளி, ஒரு திருகு திருகித் தட்டில் போடுகின்றன. கிள்ளிய ஓரத்தில் ஏடுகள் நசுங்காமல் விரிந்து நிற்பதால் சூடு உள்ளே எளிதாக நுழைகிறது. அந்தக் கரடுமுரடுக்குக் காரணம் அவசரம் என்று நினைக்கத் தோன்றும். பக்கத்தில் நின்று பார்த்தால், வேண்டுமென்றே அப்படி விடுகிறார்கள் என்பது புரியும்.

அடுப்பு செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பெரிய குகை. விறகு உள்ளேயே எரிகிறது. சுவரும் தளமும் போதிய அளவு சூடேறியதும் தணலை ஒதுக்கி, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, வாயை மூடிவிடுகிறார்கள். அதன்பின் வேகவைப்பது நெருப்பு அல்ல, செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூடு. மாஸ்டர் ஒரு பிடி மாவை உள்ளே வீசிப் பார்க்கிறார். உடனே கருகினால் பொறுத்திருக்க வேண்டும். மெல்லப் பழுப்பேறினால் தட்டுகள் உள்ளே போகலாம். முதல் சூட்டில் பிரெட், அடுத்து பன், சூடு தணியத் தணிய வர்க்கி. வெந்த வர்க்கியை உடனே வெளியே எடுத்துவிடாமல் இறங்கும் சூட்டிலேயே உலர விடுகிறார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் போனால்தான் மொறுமொறுப்பு நிற்கும். ஜூன், ஜூலை மூடுபனியிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பரிலும், திறந்து வைத்த வர்க்கி கொஞ்ச நேரத்தில் நமத்துப்போகும். அடுப்பிலிருந்து வந்த சூடு ஆறியதும் அது நேராகத் தகர டின்னுக்குள் போவது அதனால்தான்.

அன்று அடுப்பில் எரிந்தது கற்பூர மரம். யூகலிப்டஸை நீலகிரியில் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்த விறகுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் குடியேறிய சில ஆண்டுகளிலேயே விறகுக்காகச் சோலைக்காடுகள் வெட்டப்பட்டன. பற்றாக்குறையைச் சமாளிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து 1832 வாக்கில் சீகை மரமும், 1843 வாக்கில் கற்பூர மரமும் கொண்டுவரப்பட்டன. இன்று அந்த மரங்கள், குறிப்பாகச் சீகை, புல்வெளிகளை விழுங்கிப் பரவிவிட்டன. அவற்றை அகற்றிப் பழைய புல்வெளியையும் சோலையையும் மீட்கும் பணி நடக்கிறது. பேக்கரி அடுப்புக்குள் எரியும் கட்டை இந்த மலையின் நிலவரலாற்றில் ஒரு துண்டு.

பேக்கரியும் அந்த வரலாற்றோடு வந்ததுதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து, 1820களின் தொடக்கத்தில் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். 1850களில் வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பு எழுந்தது. 1870 முதல் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரம் ஊட்டி. இத்தனை வெள்ளைக்காரர்களுக்கும் காலையில் ரொட்டி வேண்டும், வெண்ணெய் வேண்டும். வெள்ளைக்காரர்களின் தபாலைச் சுமந்து மலைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே நடந்த முத்துசாமி முதலியார், அவர்கள் கேட்ட வெண்ணெயையும் கொண்டுவந்து கொடுக்கப் பழகி, 1905இல் குன்னூருக்கு அருகே தொடங்கிய சிறு கடைதான் பிற்காலத்தில் பெங்களூரில் பேர் பெற்ற 'நீல்கிரிஸ்'. வெள்ளைக்காரர் வீட்டு அடுப்பங்கரைகளிலும் ராணுவச் சமையற்கூடங்களிலும் வேலை கற்றவர்கள் பஜாருக்கு வந்து தங்கள் மக்களுக்குச் சுடத் தொடங்கியபோது பிறந்தது வர்க்கி என்பது ஊரில் சொல்லப்படும் வழக்கு.

சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போவதற்கென்றே செய்யப்படும் பண்டம் இது என்று நினைப்பவர்கள், காலை ஆறரை மணிக்கு குன்னூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடைகளில் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடி டம்ளரில் கடுப்பான டீ, பேப்பரில் இரண்டு வர்க்கி. ஒன்றை டீயில் நனைத்து உடனே வாயில் போட வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால் பாதி டம்ளருக்குள் விழுந்துவிடும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் காலையின் முதல் உணவு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர் 'டான்டீ' நிறுவனமானது. கண்டிச் சீமைத் தோட்டங்களில் டீயும் ரொட்டியுமாகப் பழகி வந்த அந்த மக்கள் நடுவிலும் வர்க்கி தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தயாரிப்பாளர்கள் விண்ணப்பித்துப் பல ஆண்டுகள் காத்திருந்து பெற்றது அது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனி பஞ்சாமிர்தமும் 2019இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இலும் பெற்ற அதே உரிமை. மலைக்குக் கீழே, எங்கேயோ மின்சார ஓவனில் சுட்டதை 'ஊட்டி வர்க்கி' என்று அச்சடித்து விற்பவர்களைத் தட்டிக் கேட்க இப்போது சட்டம் இருக்கிறது.

ஆனால் சட்டம் தானாக நடந்துவிடாது. 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன்னை 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். பெரிய கடைக்கு இது ஒரு நாள் வேலை. இரவெல்லாம் அடுப்படியில் நின்று பகலில் தூங்கும் சின்ன பேக்கரிக்காரருக்கு, யாராவது கூட இருந்து எழுதிக் கொடுத்தாலொழிய இது நடக்காது. மாவட்ட நிர்வாகமும் கைத்தொழில் துறையும் செய்ய வேண்டிய முதல் உதவி இதுதான். பேக்கரி இருக்கும் சந்துக்கே வந்து பதிவு செய்து கொடுப்பதை விடப் பயனுள்ள விழா வேறு எதுவும் இல்லை.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 2022 ஜனவரி முதல், எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்தது. பழைய வனஸ்பதியின் பெரிய குறையே அந்தக் கொழுப்புதான். கொழுப்பு மாறினால் ஏடு பிரியும் விதமும் மாறும். குளிரில் இறுகும் பதமும் மாறும். புதிய கொழுப்பைப் பழைய விரல்கள் மறுபடி பழகிக்கொள்ள வேண்டும். மாஸ்டர் அதைப் பற்றி நீளமாகப் பேசவில்லை. "இப்ப வர்றது சீக்கிரம் இளகிடுது, அதனால வேகமா மடிக்கணும்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

வேகம் என்றதும் கூலி நினைவுக்கு வருகிறது. அங்கே வேலை மூட்டைக் கணக்கில் நடக்கிறது. எத்தனை மூட்டை மைதா வர்க்கியாகிறதோ அதற்கேற்ற சம்பளம். ஏப்ரல், மே சீசனில் தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் கூடும்போது கைநிறைய வேலை. மழை மாதங்களில் கடை காற்று வாங்கும். அவர்கள் வருமானமும் அப்படியே இறங்கும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். மலைக்கு அது தேவையான கட்டுப்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே சமயம், வரும் வாகனத்தை நம்பி மட்டும் ஒரு தொழில் இருக்கக் கூடாது என்பதையும் அது காட்டுகிறது. உள்ளூர் டீக்கடை வாடிக்கைதான் வர்க்கியின் அஸ்திவாரம். அதைக் காப்பாற்ற வேண்டும்.

நால்வரின் முன்கைகளிலும் தீக்காயத் தழும்புகள். தட்டு உரசிய கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மைதாத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் ஆஸ்துமாவைத் தொழில்நோய் மருத்துவம் நெடுங்காலமாக அறியும். ஒரு ஜன்னல், ஒரு புகைபோக்கி, முகக்கவசம், முழங்கைவரை மூடும் உறை. செலவு பெரிதில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் மாவு குளிர்ந்துவிடும் என்பது இங்கே உண்மையான சிக்கல். குளிரை உள்ளே விடாமல் தூசியையும் புகையையும் வெளியேற்றும் எளிய அமைப்பை கோவையின் பொறியியல் கல்லூரிகளில் ஏதாவது ஒன்று எடுத்துச் செய்தால், அது நூற்றுக்கணக்கான நுரையீரல்களுக்குப் பயன்படும்.

பேச்சின் நடுவே, இளையவர் ஒருவரை மாஸ்டர் அழைத்து மாவில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். அவர் வைத்தார், யோசித்தார், "இன்னும் ஆகல மாஸ்டர்" என்றார். மாஸ்டர் தானும் ஒருமுறை அழுத்திவிட்டுத் தலையசைத்தார். இந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பேக்கரிப் பாடம் இருக்கிறது. அங்கே விறகு அடுப்பையும் வாழைப்பழக் கலவையையும் கற்றுத்தர இந்த மாஸ்டர்களையே சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அழைக்கலாம். கற்கிற பிள்ளைகளுக்குக் கைவேலை வரும், கற்றுக்கொடுப்பவருக்கு வயதான காலத்தில் இரவுத் தூக்கம் கிடைக்கும்.

வாங்குகிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. சேரிங் கிராஸிலோ கமர்ஷியல் ரோட்டிலோ பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது, எந்த பேக்கரி, எங்கே சுட்டது, எந்தத் தேதி என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்கலாம். முடிந்தால் பேக்கரி வாசலுக்கே போய், டின்னிலிருந்து எடை போட்டு வாங்கலாம். வர்க்கிக்கு வயது கூடக் கூடக் கொழுப்பு வாடை ஏறும்; புதிதாக இருக்கும்போது வாழைப்பழப் புளிப்பின் மணம் தனியாகத் தெரியும். அந்த வித்தியாசத்தை ஒருமுறை நாக்கு அறிந்துவிட்டால், கீழ்நாட்டுப் போலிகளை அடையாளம் காண யாருடைய உதவியும் வேண்டாம். அப்படிக் கேட்டு வாங்கும் கூட்டம் பெருகினால், நல்ல வர்க்கிக்கு நாலு ரூபாய் அதிகம் கேட்கும் துணிவு பேக்கரிக்காரருக்கு வரும். மூட்டைக் கூலியை உயர்த்திக் கேட்கும் துணிவு அடுப்படியில் நிற்பவர்களுக்கு வரும்.